எள்ளாத நகை

அழ வைப்பதைவிடச் சிரிக்க வைப்பது கடினம் என்று மேடையில் பழகியவர்கள் சொல்வதுண்டு. அதனினும் கடினமானது ஒன்று உண்டு. எவர் மனத்தையும் புண்படுத்தாமல் சிரிக்க வைப்பதே அது.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைத்தபோது நகைக்கே முதலிடம் தந்தார். நகை தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களையும் காட்டினார். பிறரை இகழ்வதால் வரும் எள்ளல் ஒன்று. குழந்தைத்தனம் மாறாத இளமை மற்றொன்று. அறியாமையாகிய பேதைமை மூன்றாவது. நான்காவது மடம், பிறர் அறிவித்ததை அப்படியே பற்றிக்கொண்டு விடாதிருக்கும் தன்மை என்று அதற்கு விளக்கம் கூறுவர். ஊற்றுகள் நான்கு இருக்க, நம் திரைப்படங்கள் நெடுங்காலமாகப் பெரும்பாலும் எள்ளல் என்னும் ஒன்றிலிருந்தே நீர் இறைத்து வந்துள்ளன. கறுத்த நிறம், பருத்த உடல், திக்கும் நாக்கு, வேலைக்காரரின் பேச்சு ஆகிய யாவும் கேலிக்கு உரியவை ஆயின. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிப்போடு சிந்தனையையும் ஊட்டும் வழியைக் காட்டிச் சென்றிருந்தும், அவ்வழியே நடந்தவர் சிலரே.

எள்ளலை நாடாமலும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்க முடியும் என்பதற்குச் சான்றாக எனக்குக் கிடைத்த படம் ‘காக்கா முட்டை’. எம். மணிகண்டன் இயக்கியதோடு ஒளிப்பதிவும் செய்த இப்படம், 2014 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது 2015 சூன் 5ஆம் நாள். தயாரித்தவர்கள் நடிகர் தனுஷும் இயக்குநர் வெற்றிமாறனும். தயாரிப்பில் பெரிய பெயர்கள் இருந்தும் கதையைத் தாங்கி நிற்பவர் எவரும் நட்சத்திரம் அல்லர். சென்னையின் குடிசைப் பகுதியொன்றில் வாழும் இரண்டு சிறுவர்கள்தாம் கதைத் தலைவர்கள். அவ்வேடங்களில் நடித்த விக்னேஷ், ரமேஷ் இருவரும் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருதைப் பெற்றனர். சிறந்த குழந்தைகள் திரைப்படத்துக்கான தேசிய விருதும் இப்படத்துக்கே கிடைத்தது.

கதை மிகச் சிறியது. தந்தை சிறையில் இருக்கிறார். தாய் அவரை வெளியே கொண்டுவரப் பாடுபடுகிறாள். வீட்டில் வயதான பாட்டி. சிறுவர்கள் தண்டவாளத்தின் ஓரத்தில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுச் சில ரூபாய் கொண்டுவருகிறார்கள். கோழி முட்டைக்கு வழியில்லாததால் மரமேறிக் காக்கை முட்டையை எடுத்துக் குடிப்பவர்கள். பெயரும் அதனால் வந்ததே. ஒரு நாள் அவர்கள் விளையாடிய இடத்து மரம் வெட்டப்பட்டு அங்கே ஒரு பீட்சா கடை எழுகிறது. நடிகர் சிலம்பரசன் தாமாகவே படத்தில் தோன்றி, அக்கடையைத் திறந்து வைத்து ஒரு துண்டைச் சுவைக்கிறார். அவர் உண்டதைத் தாங்களும் உண்ண வேண்டும் என்ற ஆசை சிறுவர்களைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு ஏறத்தாழ 300 ரூபாய் வேண்டும்.

தொல்காப்பியர் கூறிய மற்ற மூன்று ஊற்றுகளும் இங்கே பெருகுகின்றன. நாயொன்று 25,000 ரூபாய் விலைபோகும் என்று அறிந்ததும் தங்கள் தெருநாயை விற்கக் கிளம்புகிறார்களே, அது பேதைமை. விளம்பரத்தில் கண்டதை வேதவாக்காகக் கொள்கிறார்களே, அது மடம். பேரன்களின் ஏக்கம் பொறாத பாட்டி, விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்துப் பார்த்துத் தோசை மாவிலேயே பீட்சா செய்ய முனையும் காட்சியைச் சொல்ல வேண்டும். கல்லின் மேல் மாவு, மாவின் மேல் காய்கறித் துண்டுகள். வாயில் இட்ட சிறுவர்களின் முகம் கோணுகிறது. நாம் சிரிக்கிறோம், ஆனால் பாட்டியை இகழ்ந்து சிரிக்கவில்லை. இல்லாமையின் நடுவிலும் இல்லை என்று சொல்ல மனம் வராத ஒருத்தியைக் கண்டு சிரிக்கிறோம்.

எள்ளலும் படத்தில் இல்லாமல் இல்லை. அது யாரை நோக்கித் திரும்புகிறது என்பதில்தான் இயக்குநரின் மனம் தெரிகிறது. பணம் சேர்த்துப் புத்தாடையும் உடுத்திச் சென்ற சிறுவர்களில் மூத்தவன், கடை வாசலில் அறை வாங்குகிறான். வீடு திரும்பினால் பாட்டி இல்லை. அறையைப் பதிவு செய்த கைப்பேசிக் காட்சி ஊரெங்கும் பரவியதும் கடை முதலாளியும் அரசியல்வாதியும் தொலைக்காட்சிகளும் அடிக்கும் கூத்தைத்தான் படம் எள்ளி நகையாடுகிறது. ஏழையின் அறியாமைக்குப் புன்னகையையும், வலியவரின் பாசாங்குக்கு எள்ளலையும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார் மணிகண்டன். இப்பங்கீடே நல்ல நகைச்சுவைக்கு இலக்கணம் என்பேன்.

எங்கள் ஏற்காட்டில் இன்று திரைப்படம் என்றால் பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டிதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தை அடைந்தால், சாலையோரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் தோற்றுவித்த அந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இலும் அங்கிருந்தே வந்தன. படப்பிடிப்புத் தளங்கள் மறைந்தன. வளைவு மட்டும் எஞ்சியது. மலையடிவாரத்தில் அத்தனை பிரம்மாண்டங்கள் பிறந்திருக்க, மலைமேல் உள்ள பிள்ளைகள் தங்களைப் போன்ற முகங்களைத் திரையில் கண்டது அரிதினும் அரிது.

இப்படத்தை நான் மீண்டும் ஒருமுறை பார்த்தது காப்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், அரசு வழங்கிய சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில். படத்திலுள்ள குடிசையிலும் அத்தகைய இலவசப் பெட்டி ஒன்று இருப்பதைக் கண்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். தோசைக் காட்சியில் அவ்வீட்டு மூதாட்டி, “எம் பேரன் கேட்டா நானும் இப்புடித்தான் சாமி சுட்டுக் குடுப்பேன்” என்றார். அதன் பின்னர் வந்தது வேலியோரக் காட்சி. வசதியுள்ள வீட்டுச் சிறுவன், வேலிக்கு அப்பாலிருந்து, தான் தின்று மிச்சம் வைத்த பீட்சாவை அன்போடு நீட்டுகிறான். தம்பிக்கு நாவூறுகிறது. அண்ணன் மறுத்துவிடுகிறான். “வாங்கிக்கிட்டா என்ன, ஃபாதர்?” என்று கேட்டான் என் அருகிலிருந்த சிறுவன். அவன் அக்காள் என்னை முந்திக்கொண்டு, “எச்சில எப்புடிடா வாங்குறது?” என்றாள். வீடே சற்று நேரம் அமைதியாயிற்று.

அவ்வமைதியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. விடுமுறை நாள்களில் ஏரிக்கரையெங்கும் வண்டிகள் நிறைகின்றன. கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் உண்பவர்களை இம்மலையின் பிள்ளைகள் பார்த்தபடி நடக்கிறார்கள். மலையேறி வரும் நல்லுள்ளங்கள் பழைய துணி மூட்டைகளையும் எங்களிடம் தந்து செல்கின்றன. சில மூட்டைகளைப் பிரித்தால் துவைத்து, மடித்து, அறுந்த பொத்தானைத் தைத்து வைத்திருப்பார்கள். சிலவற்றில் அழுக்கும் கிழிசலும் அப்படியே இருக்கும். இரண்டும் பழைய துணிதான். முன்னதில் வாங்குபவரின் முகம் கொடுப்பவரின் நினைவில் இருந்திருக்கிறது, பின்னதில் இல்லை. வேலியோரத்துச் சிறுவனிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. என்றாலும் பசியைவிட மானம் பெரியது என்று கருதும் ஓர் ஏழைச் சிறுவன் இருக்கக்கூடும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதே படம் இதற்கு எதிரான காட்சியையும் தந்து நம்மைச் சிரிக்க வைக்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இருவர், தெருவோரப் பானிபூரிக்கு ஏங்குகிறார்கள், தந்தை அனுமதிப்பதில்லை. நம் சிறுவர்கள் பானிபூரி கொடுத்து அவர்களின் புத்தாடையைப் பெற்றுக்கொள்கிறார்கள். இங்கே எவரும் எவருக்கும் பிச்சையிடவில்லை, இருவருக்கும் நிறைவு. ஏக்கம் வேலியின் இருபுறமும் உண்டு என்பதை இத்தனை இனிமையாக ஒரு சொற்பொழிவு சொல்லிவிட முடியாது.

முடிவில் சிவப்புக் கம்பளம் விரித்துச் சிறுவர்களைக் கடைக்குள் அழைத்துச் செல்கிறார்கள். ஊரே பார்த்திருக்க, கனவு தட்டில் வந்து அமர்கிறது. ஒரு வாய் உண்டதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பாட்டி சுட்ட தோசையே இதைவிட நன்றாக இருந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அன்று முகம் கோணியவர்கள் இன்று அத்தோசையின் சுவையை அறிகிறார்கள்; கேட்டு மகிழப் பாட்டி இல்லை. சிரித்துக்கொண்டே கண் கலங்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது நம் பழமொழி. தன் குஞ்சைப் பொன்னாகக் காண எந்தக் காக்கையாலும் முடியும். பிறர் குஞ்சையும் அவ்வாறு காணச் செய்வதுதான் அரிய கலை. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு சிறிய படம், ஓர் எளிய தோசையைக் கொண்டு அக்கலையை நமக்குப் பழக்கிவிடுகிறது.