பேரனுடைய லாரியும் எஃகுத் தண்டும்

நம் வீட்டில் இப்போது ஒரு லாரி இருக்கிறது. கட்கி வட்டாரத்து அன்பர்கள் இதைக் கேட்டு, 'ஓய்வு பெற்ற வயதில் இவருக்கு லாரித் தொழில் எதற்கு?' என்று கவலைப்பட வேண்டாம். அந்த லாரியின் நீளம் மூன்று சாணுக்கும் குறைவு. உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு. 2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு நம் மகன் தன் மகனுக்காக வாங்கி அனுப்பியது. கையில் ஒரு பெட்டியை வைத்துக் கொண்டு, கம்பி எதுவும் இல்லாமல், தூரத்திலிருந்தே ஓட்ட வேண்டும். 'ஓட்ட' என்று சொல்வதுகூடச் சரியன்று. அது பாறைமேல் ஏறுவதற்கென்றே செய்த வண்டி. பல்லியைப் போல ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். நான்கு சக்கரங்களும் இழுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒரு சக்கரம் மேட்டிலும் இருக்கும்படி அச்சுகள் இரண்டும் தாராளமாகச் சாய்ந்து கொடுக்கும்.

பேரனுக்கு வயது 13. அவன் தந்தைக்கு வளைகுடா நாட்டில் உத்தியோகம் அமையவே, தாயும் மகனும் பெங்களூரை விட்டு நம்மோடு வந்து சேர்ந்தார்கள். வந்த புதிதில் பையன் யாரோடும் பேசவில்லை. தமிழ் அவனுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும், அதுவும் ஒரு சொல்லுக்கு மேல் வராது. அவனுடைய அப்பத்தா ராகிக் களி கிண்டிப் போட்டாலும் 'ஓகே'. கடையில் பிட்சா வாங்கிக் கொடுத்தாலும் அதே 'ஓகே'. நாமும் ஊரிலுள்ள தாத்தாக்களைப் போலக் குறள் சொல்லிக் கொடுக்க முயன்று, மூன்றாம் நாளே தோல்வியை ஒப்புக் கொண்டோம். இந்த நிலையில்தான் லாரி வந்தது. வந்த மூன்றாம் வாரம் அது முறிந்தது.

முறிந்த இடம் வேதாள் டேகடி. டேகடி என்றால் மராத்தியில் குன்று. புனே நகரத்தின் நடுவே நிற்கும் அந்தக் குன்றில் காலை வேளையில் உலாவப் போகும் அன்பர்கள் பலர் உண்டு. அங்குள்ள பழைய கல்குவாரியையும் அவர்கள் அறிவார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்து உறைந்த கரும்பாறை அது. நம் பேரன் அந்தப் பாறையில் ஒரு முழ உயரத்துப் படியொன்றில் வண்டியை ஏற்றிக் கொண்டிருந்தான். பின் சக்கரம் ஒரு வெடிப்பில் சிக்கியது. பையன் விசையைக் கூட்டினான். 'கடக்' என்று ஒரு சத்தம். பிறகு மோட்டார் மட்டும் சுழன்றது; பின் சக்கரங்கள் அசையவில்லை.

வீட்டில் பழைய செய்தித்தாளை விரித்து வண்டியைக் கவிழ்த்துப் போட்டான். நாம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக் கொண்டோம். 1979-இல் இவ்வூருக்கு வந்தது முதல் ஓய்வு பெறும் வரை போசரி தொழிற்பேட்டையில் லேத்து இயந்திரத்தோடு காலம் கழித்தவர்களாயிற்றே. முறிந்த பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? பார்த்ததும் திடுக்கிட்டோம். முறிந்திருந்தது எது தெரியுமா? கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டு. நாமக்கல் லாரிக்காரர்கள் 'புரொப்பல்லர் ஷாப்ட்' என்பார்கள். இரண்டு முனையிலும் கிராஸ் வைத்து, நடுவே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும்படி அமைத்து, பெரிய லாரியில் உள்ளது உள்ளபடியே இந்தச் சிறு வண்டியிலும் செய்திருந்தார்கள். ஆனால் பிளாஸ்டிக்கில். அது முறுக்குப் பிழிந்தது போல் திருகிக் கிடந்தது.

"இதற்கு எஃகில் விற்கிறார்கள், தாத்தா. வாங்கிவிடலாம்" என்றான் பையன், பாதி ஆங்கிலத்தில். ஒரே மூச்சில் அவன் நம்மிடம் அத்தனை சொற்கள் பேசியது அதுவே முதல் தடவை. ஆகவே, 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிட ஆசைதான். ஆனாலும், ஏன் முறிந்தது என்று தெரியாமல் மாற்றக் கூடாது என்றோம்.

விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. வண்டியோடு வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு இவன் பெரிய சக்கரங்கள் போட்டிருக்கிறான். பாறையில் கவிழாமல் இருக்கச் சக்கரங்களுக்குள் பித்தளை எடை வைத்திருக்கிறான். 7.4 வோல்ட் பாட்டரிக்குப் பதில் 11.1 வோல்ட் பாட்டரியும் வந்துவிட்டது. மெதுவாக ஊர்கிற வண்டிதானே என்று நினைப்பது தவறு. பல்சக்கரங்களால் வேகத்தைக் குறைக்கும்போது முறுக்கு விசை கூடுகிறது. அது முழுவதும் இந்தத் தண்டின் வழியாகத்தான் போக வேண்டும். சக்கரம் சிக்கி நின்று, மோட்டார் நிற்க மறுத்தால், நடுவில் இருப்பது என்ன செய்யும்?

எஃகுத் தண்டு தபாலில் வந்தது. அதை மாட்டுவதற்குள் நாங்கள் இருவரும் செய்த பிழைகள் கொஞ்சமல்ல. முதலாவது, அளவு. வண்டியைத் தரையில் நிறுத்தி, இணைப்புக்கு இணைப்பு அளந்து வாங்கினோம். லேத்தில் அத்தனை வருஷம் நின்ற நமக்கு இது புத்தியில் படாமல் போனது வெட்கத்துக்குரியது. வண்டி நிற்கும்போது உள்ள நீளம் ஒன்று. அச்சு முழுவதும் தொங்கும்போது வேறு. சுருள்கள் அமுங்கி அச்சு மேலேறும்போது வேறு. தொங்கும்போது தண்டின் இரு பாதிகளும் கழன்று விழாதபடி போதுமான அளவு ஒன்றுக்குள் ஒன்று பொதிந்திருக்க வேண்டும். அமுங்கும்போது அடிமுட்டி நிற்கவும் கூடாது. நின்றால் அது கியர்பெட்டியின் பேரிங்கைப் போய்க் குத்தும். நாம் வாங்கிய தண்டு குத்தியது. அதைத் திருப்பி அனுப்பி, இரண்டு கோடிகளையும் அளந்து வேறொன்று தருவித்தோம்.

இரண்டாவது பிழை பையனுடையது. தண்டின் இரு பாதிகளையும் கைக்கு வந்தபடி நுழைத்துவிட்டான். வண்டி சமதரையில் ஓடும்போது குளிர்சுரம் கண்டதுபோல் நடுங்கியது. இங்கேதான் நமக்கு உற்சாகம் பிறந்தது. கிராஸ் ஜாயிண்டு என்பது பழைய யுக்தி. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டனோவின் பெயரால் அதை இன்றும் பலர் அழைக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் அதைப் பற்றி எழுதினார். அதில் ஒரு விசித்திரம் உண்டு. சாய்வாக இணைந்த இரு தண்டுகளில் ஒன்று ஒரே சீராகச் சுழன்றாலும் மற்றது சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். சாய்வு 30 பாகை என்றால், பிந்தும்போது சுமார் 13 சதவிகிதம் குறைவு. முந்தும்போது சுமார் 15 சதவிகிதம் அதிகம். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்து, இரு முனையிலும் சாய்வு சமமாக இருந்தால், முதல் கிராஸ் செய்த கோளாறை இரண்டாவது கிராஸ் நேர் செய்துவிடும். கவைகளைக் கால் சுற்று மாற்றிப் போட்டாலோ, இரண்டு கோளாறும் சேர்ந்து முக்கால் பங்கு வேகத்துக்கும் ஒன்றேகால் பங்குக்கு மேற்பட்ட வேகத்துக்கும் இடையே அலைக்கழிக்கும்.

இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? மேஜைமேல் தண்டை வைத்து, இரு முனைகளிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு முனையைப் பையனையே மெதுவாகத் திருப்பச் சொன்னோம். மறுமுனைக் கோடு முந்துவதையும் பிந்துவதையும் கண்டதும் அவன் கண்கள் விரிந்தன. கழற்றி, கவைகளை நேராக்கி, மறுபடி திருப்பினான். கோடுகள் இரண்டும் சேர்ந்தே நடந்தன. அப்பத்தாவையும் கூப்பிட்டுக் காட்டினான். அவளுக்கு விளக்கியது தமிழில். 'முன்னாடி போகுது பாரு, இப்போ பின்னாடி' என்று அவன் சொல்ல, அவள் சமையலறைக்குத் திரும்பும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டதை நாம் கவனிக்காதது போல் இருந்துவிட்டோம்.

மூன்றாவது ஒரு சில்லறைச் சமாசாரம். தண்டைப் பிடித்திருக்கும் தலையில்லாத் திருகு அதிர்ச்சியில் கழன்று ஓடிவிடும். மரையில் உள்ள எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, மரை கழலாமல் பிடிக்கும் நீலப் பசையில் ஒரு துளி விட்டு முடுக்கினால் நிற்கும்.

இனி முறியாது என்று பெருமையோடு குன்றுக்குப் போனோம். தண்டு முறியவில்லை. அடுத்த ஞாயிறன்று, அதே படியில், பின் அச்சுக்குள் இருந்த பெரிய பல்சக்கரத்தின் பற்கள் மூன்று உதிர்ந்தன! பிளாஸ்டிக் தண்டு முறுக்கிக் கொடுத்து அதிர்ச்சியைத் தான் வாங்கிக் கொண்டிருந்தது. எஃகுத் தண்டோ வந்ததை அப்படியே அச்சுக்குள் செலுத்திவிட்டது. தண்டை மாற்ற இரண்டு திருகு போதும். இந்தப் பல்சக்கரத்தை மாற்ற ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று.

"அதற்கும் எஃகு போட்டுவிடுவோம்" என்றான் பையன். அப்புறம் கியர்பெட்டி போகும், அப்புறம் மோட்டார் போகும் என்றோம். பின் தண்டு பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். அது முறிந்தாலும் முன் சக்கரங்கள் இழுத்து வீடு சேர்க்கும் என்றோம். அவன் விடவில்லை. "முறியும் என்று தெரிந்தே எதற்குப் போட வேண்டும்? உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டான்.

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நமக்கு உடனே பதில் வரவில்லை. ஐம்பத்தாறு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத ஒன்றை அன்று இரவு மாடியில் அவனிடம் சொன்னோம்.

நம் தந்தையார் நாமக்கல்லில் லாரி டிரைவர். 1968-ஆம் வருஷம் கோடை விடுமுறையில், நமக்கும் வயது 13, கிளீனராக அவருடன் போனோம். ஜவ்வரிசி மூட்டைகள் ஏற்றி, சேலம் வழியாகப் பெங்களூர் மார்க்கம். (இந்த ஊரார் விரத நாளில் கிச்சடி செய்து உண்ணும் அதே சாபுதானாதான்.) பின்பக்கக் கிராஸ் இரண்டு நாளாகத் தட்டிக் கொண்டிருந்தது. முதலாளியிடம் தந்தையார் சொல்லியும், 'போய் வந்து பார்த்துக் கொள்ளலாம்' என்றார். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் அது முறிந்தது. முன்முனை கியர்பெட்டியோடு மாட்டியிருக்க, கழன்ற தண்டு அடியில் சாட்டைபோல் வீசி, பிரேக் குழாயை அறுத்துவிட்டது. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை; பிரேக்கும் இல்லை. சுமையோடு வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. "கட்டை! கட்டை போடுடா!" என்று தந்தையார் கூவினார்.

சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவது கிளீனர் வேலை. நாம் குதித்தோம். கட்டை இல்லை. ஓமலூரில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது சக்கரத்துக்கு வைத்ததை, புறப்படும்போது எடுக்க மறந்துவிட்டோம். கைக்கு அகப்பட்ட கல்லைப் போட்டோம். சக்கரம் அதை நசுக்கிக் கொண்டு போயிற்று. தந்தையார் வண்டியைப் பள்ளத்தின் பக்கம் விடாமல், ஒடித்து மலைச்சுவரில் மோதவிட்டார். உயிர் தப்பியது. இடது கால் தப்பவில்லை. அதற்குப் பிறகு அவர் லாரி ஓட்டவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நாம் பட்டறைக்குப் போனதும் அதனால்தான்.

தந்தையார் 1991-இல் காலமானார். கட்டை எங்கே என்று அவர் நம்மை ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், 'போட்டான், நிற்கவில்லை' என்றே சொல்லி வந்தார். அவருக்குத் தெரியும் என்பதும் நமக்குத் தெரியும்.

பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "கட்டை எவ்வளவு பெரிசு, தாத்தா?" என்று கேட்டான். கையால் அளந்து காட்டினோம். பத்தால் வகுத்துப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. மறுநாள் உடைந்த கிரிக்கெட் ஸ்டம்பிலிருந்து சுண்டுவிரல் அளவுக்கு ஓர் ஆப்பு செதுக்கி, நம் அரத்தால் ராவிக் கொண்டிருந்தான்.

இப்போது முன் தண்டு எஃகு. பின் தண்டு பிளாஸ்டிக். குன்றுக்குப் போகும்போது மாற்றுத் தண்டுகள் இரண்டும் ஓர் ஆலன் கீயும் நம் சட்டைப் பையில் இருக்கும். படியிறங்கும் முன் பையன் நின்று, "கட்டை?" என்று கேட்கிறான். பையைத் தொட்டுப் பார்த்து, "இருக்கிறது" என்கிறோம். பிறகுதான் கதவைப் பூட்டுகிறான்.