வடிப்பானின் உண்மை விலை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தூய்மையறைகளும் அவற்றின் பணியாளர்களும்

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் 2024 ஜனவரியில் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை திறக்கப்பட்டது வரை, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் வாகனம், கைபேசி, சூரியத் தகடு எனத் தொழில்கள் பெருகப் பெருக, தூசியை அண்டவிடாத கூடங்களின் தேவையும் வளர்ந்துள்ளது. காற்றிலுள்ள துகள்களின் எண்ணிக்கையை ஒரு வரம்புக்குள் நிறுத்திவைக்கும் கூடமே தூய்மையறை. ஐ.எஸ்.ஓ. 14644 தரநிலையின் 5ஆம் வகுப்பு அறையில், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக்கூடாது.

இந்தத் தூய்மையைக் காப்பவர்கள், உற்பத்திக் கூடத்திற்கு வெளியே, ஏ.எச்.யூ. எனப்படும் காற்றுக் கையாளும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே பணிபுரியும் பராமரிப்புத் தொழில்நுட்பர்கள் ஆவர். சாலைப் புழுதியைப் பிடிக்கும் முன்வடிப்பான், நுண்தூசியைப் பிடிக்கும் இடைநிலை வடிப்பான், மிக எளிதில் ஊடுருவும் துகள்களில்கூட 99.995 விழுக்காட்டைத் தடுக்கும் எச்14 வகை ஹெப்பா வடிப்பான் என மூன்று கட்டங்களைக் காற்று கடக்கிறது. வடிப்பானின் இருபுறமும் உள்ள காற்றழுத்த வேறுபாட்டைப் பாஸ்கல் அளவில் காட்டும் கேஜைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பது அவர்களது அன்றாடக் கடமை. அளவு ஏறினால் தூசி அடைந்துவிட்டது என்றும், காற்றோட்டம் குறையாதபோதே திடீரென இறங்கினால் வடிப்பான் கிழிந்திருக்கலாம் அல்லது சட்டத்தில் இடைவெளி விழுந்திருக்கலாம் என்றும் தேர்ந்தவர்கள் கணிக்கின்றனர்.

அந்தக் கேஜின் முள் ஏறும்போது மின்செலவும் ஏறுகிறது. நொடிக்கு ஒரு கன மீட்டர் காற்றைச் செலுத்தும் விசிறி 250 பாஸ்கல் தடையைக் கடக்க, அதன் மொத்தத் திறன் 50 விழுக்காடு எனக் கொண்டால், 500 வாட் தேவைப்படும். ஆண்டு முழுவதும் இடைவிடாது ஓடினால் 4,380 யூனிட்டும், யூனிட் 7 ரூபாய் என்ற கணக்கில் 30,660 ரூபாயும் செலவாகும். மடிப்புப் பரப்பு மிகுந்த வடிப்பானால் சராசரித் தடை 150 பாஸ்கலாகக் குறைந்து, விசிறியின் வேகமும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டால், ஆண்டுக்கு 12,264 ரூபாய் மிஞ்சும். விசிறி வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால், உற்பத்தி நடைபெறாத நேரங்களில், அறையின் மிகையழுத்தம் குலையாத அளவுக்கு வேகத்தைத் தணிப்பதும் பெரும் சேமிப்பாகும்.

முன்வடிப்பானை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், கழுவிப் பயன்படுத்த இயலாத விலையுயர்ந்த ஹெப்பாவின் ஆயுளும் குறைகிறது. ஆகவே கொள்முதல் துறையினர் விலைப்பட்டியலை மட்டும் பார்க்காமல், வடிப்பானின் ஆயுட்கால மின்செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அக்கணக்கிற்கு அடிப்படையான பதிவேட்டை எழுதும் தொழில்நுட்பர்களுக்குக் கொள்முதல் முடிவில் இடமளிக்க வேண்டும்.