உப்பைக் கடைசியில் போடு

அடுப்பில்லாத சமையல் கற்றுக்கொள்ள வந்தவனுக்குப் பெரியம்மா கொடுத்த முதல் வேலை துணி அலசுவது. பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, வெயிலில் மொடமொடவென்று காயவைத்த துணிகள். சோப்பு வாசனை துளி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார். "பயிறு மூச்சு விடுற துணிடா இது. சோப்பு நாத்தம் அடிச்சா நீயே மூஞ்சி தொடச்சிக்கோ." அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே பெரும்பாலும் துணிக்காகத்தான்.

பெரியம்மா எனக்கு உறவு கிடையாது. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, விறகுப் புகையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஓய்வுக்குப் பிறகு யாரோ தெற்கே சிவசைலத்தில் இருக்கிற நல்வாழ்வு ஆசிரமத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். தேங்காயும் பழமுமாக அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு, உடம்பு இளைத்ததைவிட புகை இல்லாத சமையல்கட்டு பிடித்துப்போயிற்று. சுற்றுப்பட்டு ஊர்களில் வளைகாப்பு, காதுகுத்து என்று கேட்டால் இயற்கை உணவு செய்து தருகிறார்.

நான் திண்டிவனத்தில் கல்யாண சமையல்காரர் ஒருவரிடம் கைவேலைக்கு இருந்தவன். மூட்டை வெங்காயத்தை நின்ற வாக்கில் அரிந்து தள்ளுவேன். அந்தக் கை இங்கே அதிகம் செல்லுபடியாகவில்லை. எண்ணெயில் வதங்கப் போகிற காய் எப்படி அரிந்தாலும் வதங்கிவிடும். பச்சையாக வாய்க்குள் போகிற காய்க்குத் தப்பிக்க வழி இல்லை. கேரட் கொஞ்சம் தடித்தால் மாடு அசைபோடுகிற மாதிரி ஆகிவிடும், மெலிந்தால் துவண்டுவிடும். வெள்ளரிக்காயை நெடுக்காகப் பிளந்து நடுவில் இருக்கிற விதைச் சோற்றை ஸ்பூனால் வழித்துவிட்டுத்தான் பொடியாக அரிய வேண்டும். தண்ணீர் முழுக்க அந்த விதைச் சோற்றில்தான் இருக்கிறது.

முளைகட்டுவது பார்க்கச் சுலபம். பாசிப்பயிறை ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஆயிற்று என்று புத்தகங்கள் சொல்லும். கடலோரத்தில் அது அவ்வளவு லேசில் நடக்காது. எங்கள் ஊரான மரக்காணத்துக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். மூட்டை வெளியே காயாமல், உள்ளே புழுங்கி, தொட்டால் பிசுபிசுக்கும். ஆகவே மூட்டையைச் சிறிதாகக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் அவிழ்த்து அலசி, தண்ணீர் சொட்டு நின்ற பிறகே மறுபடி கட்ட வேண்டும். முளை நகக்கண் நீளம் வந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் வால் நீண்டு கசப்பு ஏறும். கடைசியில் பெரியம்மா மூட்டையை மூக்கோடு வைத்து முகர்வார். பச்சைப் புல் வாசனை வந்தால் சரி. புளிச்ச வாசனை லேசாகத் தட்டினாலும் எருமைத் தொட்டிக்குத்தான் போகும்.

இந்தக் கண்டிப்பு வீண் பயம் இல்லை. 2011-இல் ஜெர்மனியின் வடபகுதியில் முளைகட்டிய வெந்தயத்திலிருந்து பரவிய ஈ-கோலி கிருமியால் 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். முளைப்பதற்கு விதைக்குத் தேவைப்படுகிற ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமிக்கும் தேவை. வயிற்றுப்பிள்ளைக்காரி, கைக்குழந்தை, வயசான கட்டை ஆகிய மூவருக்கும் பெரியம்மா முளைப்பயிறை ஆவியில் வைத்துத்தான் கொடுப்பார். "பச்சைன்னா பச்சைதான்னு அடம் புடிக்கிறவன் எங்கூட வேலை செய்ய வேணாம்" என்பார்.

அதைவிடக் கறாரான விதி மொச்சைக்கு. தை மாசத்தில் சந்தை முழுக்கப் பச்சை மொச்சை குவிந்திருக்கும், உரிக்க உரிக்கக் கை பரபரக்கும். ஆனால் பச்சையாக ஒரு விதைகூட வாயில் போடக் கூடாது. மொச்சையிலும் மரவள்ளியிலும் சயனைடு தரும் பொருள்கள் உண்டு. வெந்தால்தான் அவை சாது. பனங்கிழங்கும் வேகவைத்துத்தான். வேர்க்கடலையை ஊறவைக்கும் முன்பு சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பூத்தது எல்லாவற்றையும் முறத்தில் பொறுக்கி எறிய வேண்டும். இயற்கையில் விளைந்ததெல்லாம் அப்படியே தின்னத் தகுந்தது என்று பேசுகிறவர்களை நான் மேடைகளில் கேட்டிருக்கிறேன். அவர்கள் சந்தைக்குப் போவதில்லை போலிருக்கிறது.

காந்தியே இதில் கையைச் சுட்டுக்கொண்டவர். 1929-இல் முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், இடித்த கீரை, எலுமிச்சை, தேன் என்று வேகாத உணவுச் சோதனையில் இறங்கி, யங் இந்தியாவில் அதைப் பற்றி எழுதி, சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்திவிட்டார். நிறுத்தியதையும் அதே பத்திரிகையில் எழுதினார். மறு வருஷம் அவர் உப்பைக் கையில் எடுத்தார், அது வேறு கதை.

உப்பு என்றதும் எங்கள் ஊருக்கு வந்துவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் சாலையோரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்த அம்பாரங்கள்தான். மழைக்காலம் முழுக்கப் பாத்திகள் வெள்ளக்காடாகக் கிடக்கும். தை பிறந்ததும் தண்ணீரை வடித்து, வரப்புக் கட்டி, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். பிறகு உப்புநீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் சுண்டவைக்க வேண்டும். கடல்நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அதை வாரியதும், மிச்சம் நிற்கிற மக்னீசிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் உப்பு கசந்துபோகும்.

உப்பளத்தில் தண்ணீர் விலகினால் உப்பு வரும். வெள்ளரிக்காயில் உப்பு பட்டால் தண்ணீர் வரும். பெரியம்மாவிடம் நான் கற்றதில் பாதி இதுதான். ஊறின பாசிப்பருப்பு, அரிந்த வெள்ளரி, துருவின தேங்காய், கேரட் எல்லாவற்றையும் கலந்து உப்பும் போட்டு அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். கோசுமல்லி அடியில் ஒரு விரல் தண்ணீரில் மிதக்கும். காய் துவண்டிருக்கும், பருப்பு வழவழக்கும். பச்சை உணவு பிடிக்கவில்லை என்று சொல்கிற பலபேர் சாப்பிட்டுப் பார்த்தது இந்தத் துவண்ட கோசுமல்லியைத்தான் என்பது என் கட்சி. உப்பும் எலுமிச்சையும் பந்தி உட்கார்ந்த பிறகு. அதுவும் மொத்தத்துக்கும் அல்ல, ஒரு வரிசைக்கு ஒரு சட்டி.

அந்த உப்பும் எங்கள் ஊர் அம்பாரத்து உப்பு இல்லை. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிட விற்கக் கூடாது என்று 2006 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பு விளைகிற ஊரில் நாங்கள் மளிகைக்கடைப் பாக்கெட்டைத்தான் பிரித்தோம். கொதிக்கிற குழம்பில் போட்டால் அயோடின் கொஞ்சம் போய்விடும். கடைசியில் போட்டால் நிற்கும், அது ஒரு லாபம்.

அடுத்தது தாளிப்பு. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்காமல் நம் ஆட்களுக்குப் பசிக்காது. எண்ணெய் காயாமல் அந்த மணத்தை எங்கே போய்க் கொண்டுவருவது? பெரியம்மாவின் வழி அம்மி. இஞ்சி, பச்சைமிளகாய், இளம் கறிவேப்பிலை, நாலு மிளகு, ஒரு கல் உப்பு. அரைக்கக் கூடாது, நசுக்க வேண்டும். குழவியை உருட்டாமல் தட்டித் தட்டி, கறிவேப்பிலையின் நரம்பு உடைகிற வரைக்கும். அம்மியைச் சுற்றி அப்போது எழும்புகிற வாசனை வாசலில் நிற்கிறவனைத் திரும்பிப் பார்க்கவைக்கும். அதைப் பந்தி நேரத்தில், எல்லோர் மூக்குக்கும் எட்டுகிற இடத்தில் உட்கார்ந்து நசுக்க வேண்டும். இது பாதி சமையல், பாதி வித்தை.

என்னை வெளியே அனுப்பிய முதல் விசேஷம் என் சொந்தக்காரர்களுடைய காணும் பொங்கல். கடலோரச் சவுக்குத் தோப்பில் மொத்தக் குடும்பமும் கூடும். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அங்கே பாணர்களுக்குப் பரதவர் கொடுத்த விருந்து கள்ளும் சுட்ட கருவாடும். விருந்து முறை இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை. இறால் தொக்கு, நண்டு, நாட்டுக்கோழி, மீன் குழம்பு. அதற்கு நடுவே வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

"அவங்க இன்னா ஆக்குறாங்கன்னு மொதல்ல கேட்டுக்கினு வா" என்றார் பெரியம்மா. கேட்டு வந்து சொன்னேன். காரம் எங்கே ஏறும், எண்ணெய் எங்கே திகட்டும் என்று யோசித்து, அந்த இடங்களுக்குத் தோதாகப் பட்டியல் போட்டார். மீன் குழம்புக்கு எலுமிச்சை தூக்கலாகக் கோசுமல்லி. கோழி வறுவலுக்குப் பக்கத்தில் முளைப்பயிறு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி. பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்த சிவப்பு அவல், பனைவெல்லம், வாழைப்பழம். அவல் வறுத்து இடித்ததுதானே, வெல்லம் காய்ச்சியதுதானே, இது எப்படிப் பச்சை உணவு என்று கேட்டேன். "நீ இன்னா பரீட்சை பேப்பரா திருத்துற? புள்ளைங்க துன்னுதா பாரு" என்றார்.

கூடவே வாய்க்கும் ஒரு பத்தியம் போட்டார். சாப்பாட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டு சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்ற பேச்சு எடுக்கக் கூடாது. இயற்கை உணவு என்ற சொல்லே கூடாது. கோசுமல்லி கோசுமல்லிதான். ஸ்ரீராமநவமிக்குக் கொடுத்தால் பிரசாதமாக வாங்கித் தின்கிறவர்கள், மருந்து என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. பிரியாணிக்கு வெங்காயத் தயிர்ப்பச்சடி கேட்காத ஆள் உண்டா? ஆடியில் அம்மனுக்குப் படைக்கிற துள்ளுமாவு அரிசியை ஊறவைத்து இடித்த பச்சை மாவுதான். பொங்கலுக்குக் கரும்பை யாரும் வேகவைத்துத் தின்பதில்லை. பச்சையாகத் தின்பது இவர்களுக்குப் புதிது அல்ல. அதை உபதேசத்தோடு சேர்த்துக் கொடுப்பதுதான் புதிது.

தோப்பில் வரவேற்பு எதிர்பார்த்தபடியே இருந்தது. "இன்னா மச்சான், ஆட்டுக்குத் தழை கொண்டாந்துட்டியா?" என்றான் அத்தை மகன். நான் பதில் பேசாமல் அம்மியை இறக்கினேன். தேங்காயை வீட்டிலேயே துருவி எடுத்துப்போவதில்லை. வெயிலில் தேங்காய்ப்பால் சீக்கிரம் புளித்துவிடும். துருவுபலகையும் முழுத் தேங்காயுமாகப் போய், அங்கேயே துருவிப் பிழிந்தேன். துருவுகிற இடத்தில் பிள்ளைகள் தானாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கை நீட்டுகிற பிள்ளைக்கு ஒரு சிட்டிகைத் துருவல், அதன் மேல் பனைவெல்லத் தூள். அவல் பரிமாறும் முன்பே அவல் கட்சிக்கு ஆள் சேர்ந்தாயிற்று.

கோசுமல்லி இரண்டாவது வரிசையிலேயே தீர்ந்தது. இறால் தொக்கில் பெரிய மாமா காரத்தைச் சாய்த்திருந்தார், அந்த உபகாரமும் சேர்ந்துகொண்டது. தழை என்று சொன்னவன் மூன்றாவது தடவை வாழையிலையை நீட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன், அவன் பார்க்கவில்லை.

முளைப்பயிறு மட்டும் போகவில்லை. "பச்சப்பயிறு வாயு" என்று சின்னப்பாட்டி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். கிழவிகள் எல்லோரும் அவர் பக்கம். பாட்டியை வாதத்தில் ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. பந்தி முடிந்ததும் அவரே எழுந்து வந்து, மிச்சமிருந்த முளைப்பயிறை இரண்டு கையாலும் அள்ளி, ராத்திரிக்கு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கருவாட்டுக் குழம்பில் போட்டுவிட்டார்.

திரும்பி வந்து பெரியம்மாவிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கருவாட்டுக் கொழம்புல மொளைப்பயிறு நல்லாதான் இருக்கும். துன்னு பாத்தியா?" என்றார். துன்னேன் என்றேன். நன்றாகத்தான் இருந்தது, பயிறு குழம்பை உறிஞ்சி பல்லில் நறுக்கென்று உடைந்தது. அடுத்த தடவை முளைப்பயிறைப் பாதியாகக் குறைத்துவிடு, மிச்சப் பாதிக்கு வேர்க்கடலை ஊறவை, கிழவிகள் கடலைக்கு வாயு சொல்ல மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது மாசி மகம். சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகிற அன்று ஒரு பந்தலுக்கு ஆர்டர் பிடித்திருக்கிறார். நாள் முழுக்க வெயில், நிழல் கிடையாது. தேங்காய்ப்பால் வேண்டாம், முளை வேண்டவே வேண்டாம். மரக்காணத்துத் தர்பூசணி அதற்குள் நன்றாக இறங்கியிருக்கும், அதை அங்கேயே வெட்டிக் கொடுக்கலாம். பானகமும் நீர்மோரும் மண்பானையில். கோசுமல்லி வேண்டும் என்று பந்தல்காரர் பிடிவாதமாகக் கேட்டிருக்கிறாராம். அப்படியானால் பருப்பு ஊறப்போடுகிற நேரத்தையும் வெள்ளரி அரிகிற நேரத்தையும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். துணிகளை அலசி வைக்கச் சொல்லியிருக்கிறார்.