வராமல் போகும் உரிமை

பிலிப்பைன்ஸின் செபு தீவில், தென்கோடியில் இருக்கிறது ஓஸ்லொப். அங்கே தானாவன் கரையில் விடிந்ததுமே திமிங்கலச் சுறாக்களுக்கு இரை போடத் தொடங்கிவிடுகிறார்கள். சிறு படகில் உட்கார்ந்த மீனவர், ‘உயாப்’ என்று அவர்கள் சொல்லும் கூனி இறாலைப் பிடிபிடியாக நீரில் விடுகிறார். ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள மீன் செங்குத்தாக நின்று, வாயை அகலத் திறந்து, மிதக்கும் இறாலை நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. படகு நகர்ந்தால் அதுவும் பின்னாலேயே நகர்கிறது. சற்றுத் தள்ளி உயிர்காப்பு அங்கி போட்டவர்கள் வரிசையாக மிதக்கிறார்கள்; அவர்களுக்குக் கீழே, முதுகில் சிலிண்டர் கட்டிய ஸ்கூபா டைவர்கள். நண்பகலோடு எல்லாம் முடிந்துவிடும். இங்கே வந்தவர் யாரும் சுறாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்த உத்தரவாதத்துக்குத்தான் காசு. அந்த உத்தரவாதமே தவறு என்று நான் நினைக்கிறேன். காட்டுயிரைப் பார்க்கக் கடலில் இறங்குகிறவர், அது வராமலும் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும். தீவு தீவாகப் போய்க்கொண்டிருக்கும் பேக்பேக்கருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

திமிங்கலச் சுறா உலகின் மிகப் பெரிய மீன். 12 மீட்டருக்கு மேல் வளரும். 1,900 மீட்டர் ஆழம்வரை போய்வரும். மிதவை உயிரிகள் பெருகும் இடம் தேடிக் கடல்விட்டுக் கடல் போகும். 2016இல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஓஸ்லொப்புக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பருவமடையாத இளம் மீன்கள். நம் கைரேகைபோல ஒவ்வொன்றின் புள்ளிகளும் வேறு என்பதால், படமெடுத்து ஒப்பிட்டு எது எத்தனை நாள் தங்கியது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிகிறது. 2011 வாக்கில் இரை போடத் தொடங்கிய பிறகு, சில மீன்கள் மாதக்கணக்கில் அந்தக் கரையைவிட்டு அகலவில்லை. அவற்றின் தோலில் தழும்புகள் கூடியிருக்கின்றன. அடியிலுள்ள பவளப்பாறையில் பாசி ஏறியிருக்கிறது. சுற்றுலாப் படகுகளுக்கு அங்கே துடுப்புதான், எஞ்சின் கிடையாது என்பார்கள், உண்மைதான். ஆனால் படகென்றால் சாப்பாடு என்று பழகிய மீன், அந்தக் கரையைத் தாண்டிய பிறகு எந்தப் படகில் எஞ்சின் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்குமா?

இதே செபு மாகாணத்தின் வடகோடியில் மலாபாஸ்குவா என்ற குட்டித் தீவு. அங்கே டைவர்கள் தேடி வருவது திரெஷர் சுறாவை. ஆழத்தில் வாழும் இந்தச் சுறா விடியற்காலையில் கடலடி மேட்டுக்கு ஏறிவருவது இரைக்காக அல்ல. ஒட்டுண்ணிகளைச் சிறு மீன்களிடம் கொடுத்து உடம்பைச் சுத்தம் செய்துகொள்வதற்காக. தன் உடலளவு நீண்ட வாலை இழுத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, அது வட்டமடிக்கிறது. விரல் நீள மீன்கள் செவுளோரத்திலும் துடுப்படியிலும் கொத்திக் கொத்தி எடுக்கின்றன. டைவர்கள் ஓரிடத்தில் அசையாமல் இருந்து பார்க்க வேண்டும். விளக்கும் ஃபிளாஷும் கூடாது. யாராவது ஆசையில் முன்னே நீந்தினால் சுறா விலகிப் போய்விடும், அன்றைய பொழுது எல்லோருக்குமே முடிந்தது. அண்மை ஆண்டுகளில் சுறாக்கள், முன்பு வழக்கமாக வந்துகொண்டிருந்த மொனாட் என்ற மேட்டைவிட, அருகிலுள்ள கிமுட் மேட்டில் அதிகம் தென்படத் தொடங்கின. படகுகளும் அங்கே போயின. ஓஸ்லொப்பில் சுறா படகின் பின்னால் வருகிறது, இங்கே படகு சுறாவின் பின்னால் போகிறது. செபுவின் மேற்குக் கரையிலுள்ள மொவால்போவாலிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் பெஸ்காடோர் தீவையொட்டித் திரண்டிருந்த மத்திக் கூட்டம், யாரும் கூப்பிடாமல் கரைக்கருகே வந்து தங்கியிருக்கிறது. நாளை அது வேறெங்கும் போகலாம்.

சுறா வராத நாளில் மீனவருக்கு யார் சோறு போடுவது என்று கேட்பார்கள். இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி அல்ல. லூசோன் தீவின் தென்பகுதியில் உள்ள டொன்சோலில் 1998 முதல், இரை போடாமல், ஸ்கூபாவை அனுமதிக்காமல், ஒரு மீனுக்கு ஒரு படகு என்ற கட்டுப்பாட்டோடு திமிங்கலச் சுறாவைக் காட்டிவருகிறார்கள். அதே ஆண்டில்தான் பிலிப்பைன்ஸ் அரசு அந்த மீனைப் பிடிப்பதைத் தடைசெய்தது. நல்ல முன்மாதிரி. ஆனால் சில ஆண்டுகளில் சுறா வரத்து வெகுவாகக் குறைந்து, படகுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதைப் பார்த்தால் ஓஸ்லொப் மீனவர் செய்ததன் நியாயம் புரிகிறது. கூனி இறாலால் அவர்கள் குடும்பங்கள் நிமிர்ந்திருக்கின்றன. அவர்களைக் குற்றவாளிகளாக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. வராமல் போவதன் நட்டத்தை யார் தாங்குவது என்பதுதான் விஷயம். ஓஸ்லொப்பில் அதை மீன் தாங்குகிறது, டொன்சோலில் படகுக்காரர் தாங்கினார். தாங்க வேண்டியவர் பயணி. பார்த்த மீனுக்கு அல்ல, கடலுக்குள் போனதற்குக் காசு கொடுப்பது என்று ஆகிவிட்டால் இரை போட வேண்டிய நெருக்கடியே பாதி தளர்ந்துவிடும். 2009இல் தன் கடல் முழுவதையும் சுறாச் சரணாலயமாக்கிய பசிபிக் தீவு நாடான பலாவ், 2018 முதல் வெளிநாட்டுப் பயணிகளின் விமான டிக்கெட்டிலேயே 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணத்தைச் சேர்த்தது. வருகிறவர் சுறாவைப் பார்த்தாரா இல்லையா என்று அந்தக் கட்டணம் கேட்பதில்லை.

இரை போடாத இடத்தில் மட்டும் டைவர்கள் சேதம் செய்வதில்லையா என்ற கேள்வியும் உண்டு. செய்கிறார்கள். கரீபியனின் செயின்ட் லூசியா தீவில் டைவர்களைப் பின்தொடர்ந்து கவனித்தபோது, பெரும்பாலானோர் ஒரு முறையாவது பவளப்பாறையில் இடித்தார்கள். அதிகமும் காலில் மாட்டிய ஃபின்னால். இறங்குமுன் சொன்ன அறிவுரை பலிக்கவில்லை, வழிகாட்டி நீருக்குள்ளேயே குறுக்கிட்டபோதுதான் குறைந்தது. ஆகவே ஒரு வழிகாட்டிக்குக் குறைந்த ஆட்களோடு இறக்கும் கடைக்கு நூறு பெசோ கூடக் கொடுக்கலாம்.

பேக்பேக்கருக்கு அந்த நூறு பெசோவே பாரம் என்பது எனக்குத் தெரியும். மலிவான மெத்தை, மலிவான பஸ், மலிவான டைவ் என்று கணக்குப் பார்த்துத்தான் அவர் வருகிறார். ஆனால் மூன்று நாள் விடுமுறையில் வந்த குடும்பத்திடம் இல்லாதது ஒன்று அவரிடம் உண்டு: நாட்கள். விடியுமுன் செபு நகரத்திலிருந்து வேனில் ஏறி, ஓஸ்லொப்பில் சுறாவைப் பார்த்து, மத்தியானம் அருவியில் குளித்து, இரவே திரும்புவது அவசரக்காரர்களுக்காக உண்டான ஏற்பாடு. ஒரு மாதம் கையில் வைத்திருப்பவர் அதை வாங்க வேண்டிய தேவை என்ன? மலாபாஸ்குவாவில் நான்கு நாள் தங்கினால் நான்கு விடியல். தங்கும் அறைக்கும் வாசல் கடைச் சோற்றுக்கும் அவர் கொடுக்கும் காசு அந்தத் தீவிலேயே நிற்கும். முதல் நாள் நீர் கலங்கியிருக்கலாம். இரண்டாம் நாள் சிறு மீன்கள் மட்டும் வேலையில்லாமல் மேட்டில் சுற்றிக்கொண்டிருக்கலாம். சிலிண்டரில் காற்று குறைந்ததும் டைவர்கள் மேலேறுவார்கள், பாதுகாப்புக்காக ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பார்கள், படகில் ஏறி முழுக் கட்டணத்தையும் எண்ணிக் கொடுப்பார்கள். மறுநாள் விடியுமுன் அதே படகு மறுபடியும் கிளம்பும்.