ஒழுங்கையால வந்து பெரிய றோட்டில ஏறேக்க

எங்கட பக்கத்தில லைசென்ஸுக்கு ஒருத்தரும் 'படிக்கிறேல்லை'. லைசென்ஸை 'எடுக்கிறது'தான். "எடுத்திட்டியோ?" என்று கேட்பார்கள். "குடுத்திருக்கிறன்" என்று பதில் வரும். லேர்னர்ஸில் காசும் பைலும் குடுத்தாச்சு, மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அதற்கு அர்த்தம். அடையாள அட்டை எடுப்பது போல, பாஸ்போட் எடுப்பது போல இதுவும் ஒரு எடுப்பு. இடையில் ஓர் எழுத்துப் பரீட்சை இருக்கிறது என்பது பலருக்குத் திகதி வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

ஒழுங்கு இதுதான். முதலில் வைத்தியச் சான்றிதழ். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு. அதன் பிறகு எழுத்துப் பரீட்சை: 40 பல்தேர்வு வினாக்கள், 1 மணித்தியாலம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் ஏதாவது ஒரு மொழியில் எழுதலாம். தேறினால் 18 மாதங்களுக்குச் செல்லுபடியாகும் பயிலுநர் அனுமதிப்பத்திரம். ஆகக் குறைந்தது 3 மாதம் பழகிய பிறகு ட்ரயல்.

நாங்கள் நாலு பேர் ஒன்றாகப் பதிந்தோம். ஒருத்தி முன்பள்ளி ஆசிரியை. ஒருவர் ஏ.எல். எழுதிவிட்டு பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவர். ஒருவர் ஹாட்வெயார் கடையில் வேலை. நாலாவது ஆள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன். இனிக் கடலை நம்பேலாது, ஓட்டோ ஓடினால் வீட்டைப் பார்க்கலாம் என்ற கணக்கில் வந்திருந்தான். அவனுக்குத்தான் இந்தப் பரீட்சை உண்மையிலேயே தேவைப்பட்டது. எங்களுக்கு அது ஒரு வசதி. அவனுக்குத் தொழில்.

பின்னேரங்களில் வாசிகசாலையில் இருந்து படித்தோம். லேர்னர்ஸில் தந்த போட்டோகொப்பிப் புத்தகம் ஒன்று, பழைய வினாத்தாள்கள் கொஞ்சம். முதல் நாளே பிரச்சினை தொடங்கிவிட்டது. அது வீதி விதிகளில் இல்லை, தமிழில் இருந்தது.

இப்படி ஒரு வசனம்: "பிரதான வீதியொன்றினுள் உட்பிரவேசிக்கும் சாரதியொருவர் அவ்வீதியில் பயணிக்கும் வாகனங்களுக்கு முன்னுரிமை வழங்குதல் வேண்டும்." கடற்றொழில்காரன் இதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு புத்தகத்தை எங்கட பக்கம் தள்ளிவிட்டு, "என்ன சொல்லுறாங்கள்?" என்றான். முன்பள்ளி ஆசிரியை சொன்னா: "ஒழுங்கையால வந்து பெரிய றோட்டில ஏறேக்க, பெரிய றோட்டால வாறவனை விட்டிட்டு ஏறு. அவ்வளவுதான்." அவன் சிரித்தான். "இதைத்தானே அம்மா சைக்கிள் பழக்கேக்கயே சொன்னவ."

அவனுக்கு விதி தெரியும், விதி எழுதப்பட்ட மொழிதான் தெரியாது. 'ஓவர்டேக்' தெரியும், 'முந்திச் செல்லல்' என்று வாசித்தால் ஒரு கணம் நின்று யோசிப்பான். 'பாதசாரிக் கடவை' என்று போட்டால் விளங்காது, மஞ்சள் கோடு என்றால் உடனே விளங்கும். அதை விட மோசமானது எதிர்மறைக் கேள்விகள். "பின்வருவனவற்றுள் முந்திச் செல்வதற்குப் பொருத்தமற்ற இடம் அல்லாதது எது?" இதற்கு ஏ.எல். எழுதியவரே பேப்பரில் கோடு போட்டுப் போட்டுத்தான் விடை கண்டுபிடித்தார். இந்தக் கேள்வி சோதிப்பது ஒருவருக்கு எங்கே முந்தலாம் என்று தெரியுமா என்பதையா, அல்லது இரண்டு 'இல்லை'களை அவிழ்க்கத் தெரியுமா என்பதையா?

தமிழில் எழுதக் கிடைத்ததே பெரிய விஷயம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. இந்த நாட்டில் மொழிப் பிரச்சினை வாகனத்தின் இலக்கத் தகட்டிலேயே ஏறி இருந்த காலம் ஒன்று உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதன் பிறகு புதிய வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. வடக்கில் ஆட்கள் சிங்கள எழுத்தை எடுத்துவிட்டுத் தமிழில் 'சிறீ' எழுதி ஓடினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிக்கப்பட்டது, மே மாதம் கலவரம் வந்தது. ஒரு தகட்டில் உள்ள ஓர் எழுத்துக்காகவா என்று இப்போது கேட்கத் தோன்றும். ஆனால் அந்த எழுத்து, இந்த றோட்டு யாருடையது என்று சொன்னது. பிரச்சினை அதுதான்.

தமிழும் ஓர் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் வந்தது 1987இல், 13ஆவது திருத்தத்தோடு. ஆகவே தமிழ் வினாத்தாள் எங்களுக்கு யாரோ போட்ட பிச்சை இல்லை. அது உரிமை. உரிமை என்றால், அது விளங்கக்கூடிய தமிழாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் அந்த உரிமைக்குள் அடக்கம். வினாத்தாளைப் பேச்சுத் தமிழில் போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தானுக்கு ஒன்று, மட்டக்களப்பானுக்கு ஒன்று, மலையகத்துக்கு ஒன்று என்று போடவும் ஏலாது. வசனத்தைச் சின்னதாக்கலாம். 'உட்பிரவேசிக்கும்' என்பதை 'நுழையும்' என்று எழுதலாம். ஒரு கேள்வியில் ஒரு 'இல்லை' போதும்.

இரண்டாம் கிழமை ஒருவர் வந்து குறுக்கு வழி சொன்னார். கேள்வியை வாசிக்கத் தேவையில்லை, படத்தையும் விடையின் முதல் சொல்லையும் மட்டும் பாடமாக்கினால் போதும், வாற கேள்விகள் எல்லாம் இந்தப் பேப்பர்களுக்குள்தான் இருக்கு என்றார். ஹாட்வெயார் கடைக்காரர் அதில் இறங்கிவிட்டார். சிவப்பு வட்டம் என்றால் இது, நீல வட்டம் என்றால் அது என்று கொப்பியில் நிரலாக எழுதிக்கொண்டார். கடற்றொழில்காரனும் அந்தப் பக்கம் போயிருக்கலாம். அவனுக்கு அது மிகவும் லேசாக இருந்திருக்கும். ஆனால் அவன் ஒரு கேள்வி கேட்டான்: "பாடமாக்கினால் பாஸ் பண்ணுவன். பிறகு றோட்டில புதுசா ஒரு போட் கண்டா என்ன செய்யிறது?"

அதற்குப் பிறகு நாங்கள் படிக்கும் முறையை மாற்றினோம். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு றோட்டுக்குப் போனோம். மஞ்சள் சாய்சதுரம் எல்லாம் "கவனம், முன்னால ஏதோ இருக்கு" என்று சொல்பவை. சிவப்புக் கரை போட்ட வட்டம் "செய்யாதே". நீல வட்டம் "இப்படித்தான் செய்". நிறமும் வடிவமும் ஒரு மொழி. அதற்குச் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. எண்கோணம் ஏன் 'நில்' பலகைக்கு மட்டும் என்று ஏ.எல். எழுதியவர் விளக்கினார்: வேறு எந்தப் பலகைக்கும் அந்த வடிவம் இல்லாததால், பின்பக்கத்தில் இருந்து பார்த்தாலும் அது என்னவென்று தெரியும். எதிர்ப்பக்கத்தால் வாறவன் நிற்க வேண்டியவன் என்று நாங்களும் அறியலாம். இப்படிக் காரணத்தோடு கேட்டால் எட்டாம் வகுப்பும் ஏ.எல்.லும் ஒன்றுதான்.

புகையிரதக் கடவைப் பலகைக்கு முன்னால்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். யாழ்ப்பாணத்துக்கான றெயில் 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபர் 13இல். நடுவில் 24 வருசம். அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்த அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் தண்டவாளம் என்பது ஆடு மேய்கிற ஒரு மேடு. நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, காது குடுத்துக் கேட்டுவிட்டுக் கடக்கிற பழக்கம் ஒரு முழுத் தலைமுறைக்குப் பழகக் கிடைக்கவே இல்லை. கேற் இல்லாத கடவைகளில் அதற்குப் பிறகு போன உயிர்களுக்குப் பேப்பர்கள் 'கவனயீனம்' என்று எழுதின. முழு வேகத்தில் வாற றெயில் பிரேக் போட்டாலும் சில நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும். அதை ஒருத்தர் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும், அல்லது இந்தப் பரீட்சைக்காவது வாசித்து விளங்கியிருக்க வேண்டும். பாடமாக்கின விடை அந்தக் கடவையில் உதவாது.

வேகத்தையும் அப்படித்தான் கணக்குப் பார்த்தோம். மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர். ஒரு நாய் குறுக்கே பாய்ந்ததைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் எடுத்தால், பிரேக் பிடிக்க முதலே 14 மீற்றர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நாலு மடங்கு. இதை அளக்க வாசிகசாலைப் படியில் இருந்து காலடி வைத்து நடந்தோம். 14 மீற்றர் எங்கட ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுப் படலை மட்டும் போகிறது. அதுக்குள்ளே எத்தனை பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று எண்ணினோம். பிறகு ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இலங்கையில் ஒவ்வொரு வருசமும் 2000 பேருக்கு மேல் வீதி விபத்தில் சாகிறார்கள். நாளுக்கு ஐந்து பேருக்கு மேல். அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் ஏராளம். இந்த எண்ணிக்கையை நாங்கள் பேப்பரில் பார்ப்பதை விடச் சந்தியில் பார்க்கிறோம். கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் சிரித்துக்கொண்டிருக்கிற முகங்கள், கூலிங் கிளாஸ், பின்னால் அதே பைக். எங்களோடு பந்தடித்தவர்கள். யுத்தம் முடிந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் இருபது வயதில் பிள்ளையைக் குடுக்கிற அம்மாமார் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

முன்பள்ளி ஆசிரியைக்கு வீட்டில் வேறு மாதிரிக் கதை. "உனக்கென்னத்துக்கு இப்ப லைசென்ஸ், தம்பி ஏத்திக்கொண்டு போய் விடுவான்தானே." ஆனால் எங்களில் ஆகக் கூர்மையான கேள்விகளைக் கேட்டது அவதான். அவ றோட்டைப் பார்ப்பது சில்லுக்கு மேல் இருந்து அல்ல. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டில் நிற்கிறவ. கடவையில் ஆள் இறங்கினால் வாகனம் நிற்க வேண்டும் என்ற விதியை நாங்கள் ஒரு விடையாகப் படித்தோம். அவவுக்கு அது ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு நடக்காத ஒரு விஷயம். "கேள்வியில எல்லாம் 'சாரதி'தான். நடக்கிற ஆளா இருந்து ஒரு கேள்வியும் இல்லை" என்றா.

பரீட்சை வந்தது. மூன்று பேர் தேறினோம். கடற்றொழில்காரன் தேறவில்லை. 40 கேள்விக்கு 60 நிமிசம் என்றால் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிசம். அவன் எழுத்துக் கூட்டி, விளங்கி, விடை போட்டு 29ஆவது கேள்விக்கு வர நேரம் முடிந்துவிட்டது. போட்டதில் பெரும்பாலும் சரியாகத்தான் போட்டிருப்பான் என்று நாங்கள் நம்புகிறோம். கொப்பியில் நிரல் எழுதிப் பாடமாக்கிய ஹாட்வெயார்காரர் இருபது நிமிசத்தில் எழும்பி வந்தார்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். விளங்கிப் படித்தவன் வெளியே, பாடமாக்கினவர் உள்ளே. வெளிநாடுகளில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் வாசிப்புச் சிரமம் உள்ளவர் கூடுதல் நேரமும், கேள்வியைக் காதால் கேட்கிற வசதியும் கேட்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களிலும் ஒலி வடிவில் பரீட்சை எடுக்கலாம். யாரும் அதைச் சலுகை என்று நினைப்பதில்லை. சோதிக்க வேண்டியது ஒருவரின் வீதி அறிவை என்றால், அது காதால் கேட்டாலும் அதே அறிவுதானே.

அவன் திரும்பவும் விண்ணப்பித்தான். அடுத்த தவணை வரும் வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு ஆள் மணிக்கூட்டைப் பிடிக்க, அவன் சத்தமாக வாசித்தான். முதலில் வினாத்தாள், பிறகு பேப்பர், பிறகு வாசிகசாலையில் கிடந்த எதுவும். இரண்டாம் தரம் தேறினான். இப்போது ட்ரயலுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓட்டோவுக்கு வேகக் கட்டுப்பாடு 40 என்று அவனுக்கு நாங்கள் ஞாபகப்படுத்தினால், "தெரியும், ஏனெண்டும் தெரியும்" என்று சொல்கிறான்.

இந்தப் பரீட்சைக்குப் போகப் போகிற ஆட்களுக்கு எங்களிடம் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. தனியப் படிக்காதையுங்கோ, மூன்று நாலு பேர் சேருங்கோ. அதில் ஒரு ஆளாவது வாசிக்கச் சிரமப்படுகிறவராக இருக்கட்டும், அவருக்கு விளங்கும் வரைக்கும் சொல்லிக் குடுத்தால் உங்களுக்கும் விளங்கும். புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வசனத்தையும் உங்கட அம்மா சொல்லுகிற மாதிரி ஒருக்கால் மாற்றிச் சொல்லிப் பாருங்கோ. மாற்றேலாமல் நிற்கிற இடத்தில்தான் உங்களுக்கு விளங்காத விதி இருக்கும். அந்த விதியோடு சந்திக்குப் போய், வாகனங்கள் வாறதையும் போறதையும் அரை மணித்தியாலம் நின்று பாருங்கோ.