பூ விழுகிற வரை

“ராத்திரி நல்லாத் தூங்கறயா கண்ணு?”

பெரியவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். காளி மந்திரம் வேண்டும் என்று பேரூரில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தேன். ஜாதகம் கேட்பார், எத்தனை தோத்திரம் மனப்பாடம் என்று கேட்பார் என்று எண்ணிப் போனவனுக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. தூக்கத்துக்கு அடுத்துக் கடன் இருக்கிறதா என்றார். அதற்கடுத்து, “வீட்ல அம்மிணிக்குத் தெரியுமா?” கடைசியாக, “பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம் யாராச்சும் இருக்கறாங்களா?”

நாலாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் தோண்டவில்லை. “அந்தியூர் போயிட்டு வா. பங்குனிக் குண்டம் வருது. நோம்பிக்கு ஒருக்கா போ, கூட்டம் கலஞ்ச பொறகு ஒருக்கா போ. ஆத்தாகிட்டப் பூக் கேளு. அப்பறம் பேசிக்கலாம்” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துப் பாகத்தில் அண்ணனுக்கும் எனக்கும் வாய்த்தகராறு முற்றி, கருமாதி வீட்டோடு பேச்சு நின்றுபோனது. அந்த நாட்களில்தான் காளி என்னைப் பிடித்துக்கொண்டாள். மீனாட்சியும் காமாட்சியும் இருக்க, ஏன் இந்தத் தாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் பேரூர்த் திண்ணைக்கே போயிருக்க மாட்டேன்.

முதல் பயணம். கோவையிலிருந்து கோபி, கோபியிலிருந்து அத்தாணி. அத்தாணியில் பவானி ஆற்றைத் தாண்டினதும் வடக்கே பர்கூர் மலை நீலமாக எழும்பி நிற்கும். மலையைப் பார்த்தபடியே பத்து கிலோமீட்டருக்குள் போனால் அந்தியூர். இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் ஆடி மாதத்தில்தான் அறிவார்கள்: புதுப்பாளையம் குருநாதசாமி தேர்நோம்பி, அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை. மற்ற நாட்களில் இது வெற்றிலைக்கும் திங்கட்கிழமைச் சந்தைக்கும் பேர்போன ஊர். மலையிலிருந்து வெள்ளையும் செம்மறையுமாக இறங்கும் பர்கூர் மாடுகளைத் தெருவிலேயே பார்க்கலாம். உடம்பெல்லாம் செம்மண்ணில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி இருக்கும். கோட்டை இருந்த ஊர். செல்லீஸ்வரரும் அழகுராஜப் பெருமாளும் உண்டு. ஆனால் பங்குனியில் ஊர் முழுக்கப் பத்ரகாளியம்மனுடையது.

பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். மந்திரத்தில் எத்தனை எழுத்தோ அத்தனை லட்சம் உரு ஏற்ற வேண்டும் என்பது தந்திர நூல்களின் வழக்கு. இதற்குப் புரச்சரணம் என்று பேர். ஒன்பது எழுத்து மந்திரம் என்றால் ஒன்பது லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு ஓமம், 90,000. அதில் பத்தில் ஒரு பங்கு தர்ப்பணம், 9,000. பிறகு மார்ஜனம் 900, அதன் பிறகு 90 பேருக்குச் சோறு. தினம் ஆயிரம் உரு ஏற்றினாலும் செபம் மட்டுமே 900 நாள். இரண்டரை வருஷத்தை நெருங்குகிறது. அத்தனை நாளும் குரு வந்தனம், நியாசம், திக்குக் கட்டு, தியானம் என்று வரிசை பிசகாமல் முடித்துத்தான் செபத்துக்கே போக முடியும். காய்ச்சல் வரும், கல்யாண வீடு வரும், ஆபீசில் கணக்கு முடிக்கிற மார்ச் வரும். பயங்கரமான தெய்வத்தை நெருங்க நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். இந்தக் கணக்கு கேட்டது நெஞ்சுரத்தை அல்ல, மூன்றாம் மாசத்து அலுப்பைத் தாங்குகிற பொறுமையை.

நெஞ்சுரத்துக்கு நம்மிடம் எப்போதும் பஞ்சமிருந்ததில்லை. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் சாலினி தெய்வமேறி ஆடுகிறாள். கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலில் வீரர்கள் தங்கள் தலையைத் தாங்களே அரிந்து கொடுக்கிறார்கள். அது வெறும் புலவர் கற்பனை இல்லை என்பதற்குக் கழுத்தில் வாள் வைத்து நிற்கும் நவகண்டச் சிற்பங்கள் கொங்கு நாட்டு ஊர்களில் இன்றும் சாட்சி. அவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தலை கொடுப்பது ஒரு கண நேரத்துக் காரியம். 900 நாள் விடியலில் எழுவது வேறு.

கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் அரளி வாங்கினேன். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. குண்டம் இறங்குகிறீர்களா என்று கேட்டேன். “ஆமாங்க, இது பதினோராவது வருசம்.” விரதம் கஷ்டமா என்றேன். நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: “ஒரு நேரஞ் சோறு, தரையில படுக்கை, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காப்புக் கட்டுன பொறகு யாரையும் ஒரு சொல்லுக் கடுமையாச் சொல்லக் கூடாது பாருங்க, அதுதான் முடியறதில்ல. முந்தாநேத்து மருமகளை வஞ்சுபோட்டேன். ராத்திரி மஞ்சத்தண்ணி வாத்துட்டு ஆத்தாகிட்ட மாப்புக் கேட்டுட்டு, அவகிட்டயும் கேட்டேன்.”

யாரிடம் கேட்பது கஷ்டமாக இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அன்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒன்று பிடிபட்டது. இந்த ஊர்ச் சடங்கில் பாதிக்கு மேல் குளிர்விக்கிற வேலை. வேப்பிலை, மஞ்சள் நீர், எலுமிச்சை, இளநீர், கூழ். ஈரச்சேலையோடு பெண்கள் வருகிறார்கள். திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் உக்கிரத்தை ஆதிசங்கரர் தாடங்கத்தில் அடக்கினார் என்பது மரபு. இங்கே அடக்குகிற பேச்சில்லை. அவள் சூடு அவளுக்கு. குளிர வேண்டியது கும்பிடுகிறவன். மந்திர சாத்திரம் கவசம், நியாசம் என்று உடம்பில் அங்கம் அங்கமாகக் கட்டுகிற காப்பையும், இந்த அக்கா மணிக்கட்டில் கட்டியிருக்கிற காப்பையும் வெவ்வேறாகப் பார்க்க எனக்கு மனமில்லை.

விடியலுக்கு முன்பே, தீமிதிக்கும் குண்டத்தருகே இடம் பிடித்தேன். எரிகிற கட்டைகள் சரிந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தன. பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்தில் இந்த விறகை எரிகரும்பு என்பார்கள். நீளமான பச்சை மூங்கிலோடு ஏழெட்டுப் பேர் இருபக்கமும் நின்று தணலைத் தட்டித் தட்டிச் சமமாக்கினார்கள். முகம் கருகும் சூட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் பின்னால் வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மறுபடி போனார்கள். ஒரு முதியவர் மட்டும் தட்டவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று கைகாட்டினார். ஒரு கட்டை முனையில் நூல் மாதிரிப் புகை. மூங்கிலால் அதைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே தள்ளினார்கள். தணலோடு தணலாகச் சிவந்துதான் இருந்தது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற இளவட்டத்திடம் ஏன் என்று கேட்டேன். “உள்ளார பச்சை இருக்குதுங்க. அது காலைச் சுட்டுப்போடும். வெந்து தீந்த தணல் ஒண்ணும் பண்ணாது.”

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். தலைமைப் பூசாரி இறங்கினார், பிறகு பறையொலியில் வரிசை வரிசையாகச் சனம். பூக்கட்டிய அக்காவும் போனார், வேப்பிலையைக் கையில் பிடித்து, அவசரமில்லாமல். நான் அந்த ஒதுக்கிப் போட்ட கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தும் அது அணையவில்லை. அரைமணி நேரம் தனியாகப் புகைந்தது.

அந்த அரைமணியில்தான் நாலாவது கேள்விக்கு எனக்குள் பதில் வந்தது. நான் காளியைக் கேட்டது முக்திக்கு இல்லை, ஞானத்துக்கும் இல்லை. அண்ணனுக்கு எதிராக அவள் கை வாள் என் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவளை நினைத்து உட்காரும்போதெல்லாம் கண்ணுக்குள் வந்தது அவள் முகமா அவன் முகமா? அவன் முகம்தான்.

தந்திர மரபு சாதகனைப் பசு, வீரன், திவ்யன் என்று மூன்று நிலையில் வைக்கிறது. உக்கிர வழிபாட்டின் கடுமையான முறைகள் வீரனுக்குரியவை. பசு என்பது வசவில்லை. பசு, பாசம் என்று சித்தாந்தம் படித்த நமக்கு அது பழகிய சொல்தான். கயிறு அவிழாத உயிர். பசுவுக்கும் வழிபாடு உண்டு, விளக்கு உண்டு, வெள்ளி செவ்வாய் உண்டு. தன் கயிற்றைப் பார்க்காமல் வீரன் வேஷம் கட்டுவதுதான் ஆபத்து. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் வீடியோ பார்த்து மயானத்தில் செபம் தொடங்கினார். தூக்கம் போனது, பயம் வந்தது. அதற்கு முன்பே மனநல மருத்துவரிடம் சாப்பிட்டுவந்த மாத்திரையை, சாதனைக்குத் தடை என்று அவராகவே நிறுத்தியிருந்தார். மீண்டு வர ஒரு வருஷம் ஆனது. பெரியவர் முதலில் தூக்கத்தைக் கேட்டதன் நியாயம் எனக்கு அங்கே புரிந்தது. மாத்திரை சாப்பிடுகிறவர் சாப்பிட்டுக்கொண்டேதான் சாமி கும்பிட வேண்டும். நிறுத்தச் சொல்கிற குரு யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

காளியைப் பாடிய பாரதி நம் ஊர்ப்பக்கம் வந்தது 1921 ஜூலை 31 அன்று. ஈரோடு கருங்கல்பாளையத்தில் மனிதனுக்கு மரணமில்லை என்று பேசினார்; அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். பசியும் கடனும் வழக்கும் சூழ்ந்த வாழ்க்கை அது. அந்த மனிதரிடம் பகை இருந்தது, கோபம் இருந்தது. ஆனால் தன் பகைவரைக் கொல்லச் சொல்லி அவர் காளியிடம் போகவில்லை, பகைவனுக்கும் அருளச் சொல்லித் தன் நெஞ்சைக் கேட்டவர். வெந்து தீர்ந்த தணல் என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இரண்டாம் முறை போனது வைகாசியில், ஒரு சாதாரண நாளில். கூட்டமில்லை. குண்டத்துக் குழி மூடிக் கிடந்தது. இரண்டு குடும்பம் கல்யாணத்துக்குப் பூக் கேட்கக் காத்திருந்தது. இந்தப் பக்கத்தில் கிணறு வெட்டவும், பெண் எடுக்கவும், வழக்குப் போடவும்கூட ஆத்தாளின் வாக்குக் கேட்டுத்தான் செய்வார்கள். அம்மன் சிரசில் பூவை வைத்து, அது விழுகிற பக்கம் பார்த்துப் பதில் சொல்லுவது வழக்கம்.

என் முறை வந்தது. “என்ன காரியமுங்க?” என்றார் பூசாரி. உபாசனை என்று சொல்ல நாக்கு வரவில்லை. “ஒண்ணு தொடங்கலாமான்னு” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. பூவை வைத்தார். கற்பூர வெளிச்சத்தில் அலங்காரம் எல்லாம் மங்கி, கண் இரண்டும் மட்டும் தெரிந்தன. எனக்கு முன்னால் கேட்டவர்களுக்குச் சட்டென்று விழுந்த பூ, எனக்கு விழவில்லை. பூசாரி மணி அடித்துப் பார்த்தார். பாட்டியொருத்தி, “வேண்டிக்கோ சாமி, நல்லா வேண்டிக்கோ” என்றாள். வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். எல்லாருக்கும் கொடுக்கிறவள் எனக்கு ஏன் தரவில்லை என்று. அன்று வராமல் இருந்ததை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாக்கு வரலீங்க. உக்காந்திருந்து போங்க, இன்னொரு நாளைக்குக் கேக்கலாம்” என்று திரை போட்டார்.

தூணோரம் உட்கார்ந்தேன். துணிப்பையில் சிவப்புத் துணியில் சுற்றிய மந்திர நோட்டு இருந்தது. வெளியே எடுக்கவில்லை. நடை சாத்தும் வரை இருந்துவிட்டு, வாசலில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணனுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. அம்மாவிடமிருந்து வந்தது.

அத்தாணிப் பாலத்தில் வண்டி போகும்போது பெரியவர் போனில் கூப்பிட்டார்.

“கேட்டயா?”

“கேட்டனுங்க. பூ விழலீங்க.”

“நீ என்ன பண்ணுன?”

“உக்காந்திருந்தனுங்க.”

“எத்தனை நேரம்?”

“நடை சாத்தற வரைக்கும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சரி. அடுத்த அமாவாசைக்கு மறுக்கா போ” என்றார்.