திரைக்கு அப்பால் ஓர் ஆசனம்

ஆகாய விமானக் கம்பனிகள், தம்மிடம் அடிக்கடி பிரயாணஞ் செய்வோருக்கு ‘மைல்’ என்றொரு நாணயத்தை வழங்கி வருகின்றன. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் கைக்கொண்ட அவ்வழக்கம் இன்று உலகெங்கும் பரவிவிட்டது. நம் நாட்டு ஸ்ரீலங்கன் விமானச் சேவைக்கும் அத்தகைய திட்டம் உண்டு. 2014இல் அது வன்வேர்ல்ட் கூட்டணியிற் சேர்ந்தமையால், தோழமைக் கம்பனிகளின் விமானங்களிற் சென்றும் மைல் சேர்க்கலாம். பெயர்தான் மைல், இப்போது பல கம்பனிகள் கடந்த தூரத்தை அளப்பதை விட்டு, நாம் கொடுத்த பணத்தையே அளக்கின்றன.

எதை அளந்தாலும், ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் அது சேர்கிறது. வெருகலில் வாழும் என் தமக்கையார் நடந்த தூரம் சிறிதன்று. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலிலே தங்கிச் செல்வர். அவர்களோடு இருமுறை கதிர்காமம் வரை நடந்தவர் அவர். அந்நடைக்கு எந்தக் கணக்கிலும் மைல் ஏறவில்லை. இலண்டனில் வாழும் எனக்கோ, ஊருக்கு வந்து மீளுந்தோறும் ஏறிற்று.

தமக்கையாரின் மகள் இலண்டனிலே குழந்தை பெற்றபோது அவரை அழைத்துச்செல்ல வந்தேன். முழங்கால் நோவினால் நெடுநேரம் அமர்ந்திருக்க அவரால் இயலாது. என்னிடமிருந்த மைல்கள் ஒரேயோர் ஆசனத்தை, அதுவும் பிரயாணத்தின் ஒரு பகுதிக்கு மாத்திரம், பிஸ்னஸ் கிளாஸ் என்னும் உயர்வகுப்புக்கு மாற்றப் போதுமானவை.

இதன் விதிகள் எளியவையல்ல. மிகமலிந்த சீட்டுகளைப் பெரும்பாலும் உயர்த்த விடுவதில்லை. உயர்வகுப்பில் இடம் காலியாயிருந்தாலும், மைலுக்கென ஒதுக்கிய ஆசனம் இருந்தாலே கிடைக்கும். பிறருக்குக் கொடுப்பதிலும் கம்பனிக்குக் கம்பனி வேறுபாடுண்டு. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் முன்கூட்டிப் பதிந்த ஐவருக்கே அனுமதி தருகிறது. இலண்டனிலிருந்து புறப்படுவோர் வகுப்பை உயர்த்தினால் பிரித்தானிய அரசின் விமான வரியும் உயரும். கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கு அது இல்லை.

இவற்றையெல்லாங் கடந்து நான் மகிழ்ந்திருக்க, தமக்கையார் மறுத்துவிட்டார்.

“தம்பி, திரைக்கு அங்கால என்னைத் தனிய இருத்திப்போட்டு, நீ இங்கால இருக்கிறதோ? பாஷையும் தெரியாது. வெருகற் பாதையில எல்லாரும் ஒண்டாத்தானே நிண்டு போனனாங்கள்?”

பாதை என்பது எம் பகுதியில் ஆற்றைக் கடக்கும் மிதவையின் பெயர். 2009இல் கிண்ணியாவிலும் பின்னர் வெருகலிலும் பாலங்கள் வருமுன், பஸ்ஸில் வந்தவரும் சைக்கிளில் வந்தவரும் அப்பலகையில் ஒன்றாகவே நின்றனர். அவர் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஆயினும் முழங்காலுக்கு அந்த நியாயம் தெரியுமா?

ஈற்றில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். முதல் ஐந்து மணி நேரம் இருவரும் அருகருகே. நடுவழியில் விமானம் மாறியபின், இரவில் வரும் ஏழு மணி நேரம் அவர் முன்னே. மைலைக் கொடுத்ததும் கம்பனி எங்கள் ஒரே பதிவை இரண்டாகப் பிரித்தது. நல்லவேளையாகத் தொலைபேசியில் விசாரித்தேன். சக்கர நாற்காலி வேண்டுகோள் புதிய பதிவிற் சேர்ந்திருந்தது, மரக்கறி உணவு விடுபட்டிருந்தது. துணைக்கு இடம் உயர்த்துவோர் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். விமானப் பணிப்பெண்ணுக்குக் காட்டவென்று, “தண்ணீர் வேண்டும்”, “தம்பி பின்னால் இருக்கிறார்” என்பன போன்ற நான்கு வசனங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

விடியும் வேளையிலே திரையை விலக்கிக்கொண்டு தமக்கையார் வந்தார்.

“கட்டில் மாதிரி நீட்டிப் படுக்கலாம். நல்ல நித்திரை. நீ சாப்பிட்டியோ?” என்றவர், கைலேஞ்சியிற் சுற்றியிருந்த பாணையும் வெண்ணெய்க் கட்டியையும் என் மடியில் வைத்தார்.

மூன்று மாதங் கழித்து அவரை ஊருக்குக் கொண்டுவந்தபோது என் கணக்கில் மைல் போதவில்லை. இருவரும் பின்வரிசையில் ஒன்றாக இருந்து, வழிநெடுகக் கதைத்துக்கொண்டு வந்தோம். கட்டுநாயக்காவில் இறங்கியபோது அவருடைய கால்கள் வீங்கியிருந்தன.